குளிக்கிற தண்ணிதானே

கோடை வந்துட்டா, வேலைக்காக ஊரை விட்டு வந்து நாங்க இருக்கிற ஹடப்சர்ல எங்க அபார்ட்மெண்ட்டுக்கு டேங்கர் தண்ணிதான். கார் நிறுத்துற இடத்துக்கு அடியில இருக்கிற தொட்டியில கொட்டி, மோட்டார் போட்டு மாடிக்கு ஏத்துவாங்க. குடிக்கிறதுக்கு வீட்டுக்கு வீடு ஃபில்டர் இருக்கு. குளிக்கிற தண்ணியைப் பத்தி ஒருத்தரும் யோசிக்கலை, நானும்தான்.

என் நாலு வயசு மகளுக்கு முதல்ல கழுத்துல பொரிப்பொரியா வந்துச்சு. அப்புறம் முதுகெல்லாம் கொப்புளம், உடைஞ்சு சீழ் வடிஞ்சுது. ஒட்டிக்கிட்ட பனியனைப் பிரிச்சு எடுக்கையில அவ கத்துற கத்து கீழ் மாடி வரைக்கும் கேக்கும்.

வேற யார் வீட்டுலயாவது இப்படி இருக்கான்னு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். செக்ரட்டரி இந்தியில பதில் போட்டார். "மதராஸிங்க நீங்க பிள்ளையை எண்ணெயில ஊற வைக்கிறீங்க, அதான்." பத்து பேர் அதுக்குக் கட்டைவிரல் வேற தூக்கியிருந்தாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. ஆனா கேவலம் என்னன்னா, நான் அதை நம்பிட்டேன். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்திட்டேன்.

அதோட விட்டேனா? எங்க கோயம்புத்தூர்ப் பக்கம் மேலுக்கு எது வந்தாலும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தண்ணி ஊத்துறதுதான் வைத்தியம். மனைவி காலையில ஆபீஸ் கேப் பிடிச்சு ஹிஞ்சேவாடிக்குப் போயிடுவா, குளிப்பாட்டுறது என் வேலை. கீசர்ல வந்த வெதுவெதுப்பான தண்ணியில வேப்பிலையைக் கசக்கிப் போட்டு, ஒரு வேளைக்கு ரெண்டு வேளையா ஊத்தினேன். கொப்புளம் தலைக்கும் ஏறுச்சு, காய்ச்சல் வந்துச்சு.

தோல் டாக்டரம்மா எண்ணெயைப் பத்திக் கேக்கவே இல்லை. "எந்தத் தண்ணியில குளிக்கிறா?"ன்னுதான் கேட்டாங்க. வேப்பிலை வைத்தியத்தைப் பெருமையா சொன்னேன். "தண்ணியே கெட்டிருந்தா இலை என்னங்க பண்ணும்?"னாங்க.

வீட்டுக்கு வந்ததும் வாட்ச்மேனை விட்டுத் தொட்டியைத் திறக்கச் சொன்னேன். மூடி பாதி உடைஞ்சு கிடந்துச்சு. தினம் கார் கழுவுற தண்ணி அவ்வளவும் அந்த ஓட்டை வழியா உள்ளேதான் போயிருக்கு. சாக்கடை நாத்தம். எத்தனை நாளா இப்படின்னு கேட்டேன். ஹோலிக்கு முன்னாடியே செக்ரட்டரிகிட்ட சொல்லிட்டேன்னான் அவன்.

ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல செக்ரட்டரி அலட்டிக்கவே இல்லை. "கழுவிடலாம். குடிக்க ஃபில்டர் இருக்கே, இது குளிக்கிற தண்ணிதானே?"னார்.

தொட்டியில மொண்டு வெச்சிருந்த ஒரு சொம்புத் தண்ணியை அவர் முன்னாடி வெச்சேன். குடிக்கவேண்டாம், முகத்தை மட்டும் கழுவுங்கன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால இழுத்துக்கிட்டார்.

அப்ப அந்தாளைச் சட்டையைப் பிடிச்சு உலுக்கணும்னு வந்துச்சு. கை எழவே இல்லை. அவர் முகத்துல படக்கூடாதுன்னு விலகின அதே தண்ணியைத்தான், மாட்டேன் மாட்டேன்னு அழுத பிள்ளையைக் காலுக்கு நடுவுல இடுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நான் அத்தனை நாளும் ஊத்தியிருக்கேன்.