அடிக்கோடு போட்ட சீட்டு

எங்கள் ஃபேக்டரி லைனில் ஷிஃப்ட் தொடங்கும் முன் வரிசையாக நின்று தர உறுதிமொழியை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஒருத்தி முன்னால் நின்று சொல்ல, மற்றவர்கள் பின்பாட்டு. பார்த்துப் படிக்கக் கூடாது. தடுமாறாமல் சொல்கிறவளைத்தான் லைன் லீடராகப் போடுவார்கள் என்று பேச்சு. எனக்கு அந்தப் பதவி மேல் வெறி. ஆனால் அதில் ‘கன்டாமினேஷன்’ என்ற வார்த்தை வந்தால் போதும், நாக்கு சண்டித்தனம் செய்யும்.

பக்கத்து மேஜையில் ஸ்க்ரூ போடும் வடக்குப்பட்டுக்காரிதான் வழி சொன்னாள். அவளும் என்னைப் போலத் தமிழில் படித்தவள்தான். காதால் கேட்டே பிடித்துக்கொண்டவள். கேன்டீனில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சீட்டில் அந்த வார்த்தையைத் தமிழ் எழுத்திலேயே துண்டு துண்டாக வெட்டி எழுதினாள்: கன் / டா / மி / நே / ஷன். ‘நே’க்கு மட்டும் அடிக்கோடு.

“ஷன்னு முடிஞ்சா அதுக்கு முன்னாடி துண்டுல அமுக்குடி. மத்ததெல்லாம் சும்மா தொட்டுக்கினு போ. அவ்ளோதான்.”

நாலே நாளில் வந்துவிட்டது. சீட்டை ஐடி கார்டுக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டேன்.

பெரிய மேலாளர்கள் வந்த அன்று நான்தான் சொன்னேன். ஒரு பிசிறு இல்லை. வரிசைக்குத் திரும்பி அவள் பக்கத்தில் நின்றபோது சீட்டு நழுவி எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் விழுந்தது. சூப்பர்வைசர் எடுத்துப் பார்த்தார்.

“இன்னாமா இது, ஒண்ணாங்கிளாஸ் பாடமா? யாருது?”

லைனே சிரித்தது. “அவளுது சார்” என்றேன். கையெழுத்து அவளுடையதுதானே, பொய்யில்லையே என்று அந்த நொடியிலேயே எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, “ஆமா சார்” என்றாள். சூடு சொரணை இருந்திருந்தால் அப்போதாவது வாயைத் திறந்திருப்பேன்.

அடுத்த மாதம் நான் லைன் லீடர். அவள் அதே மேஜையில். உறுதிமொழியில் புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள்; அதில் ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’ என்று ஒரு வார்த்தை. முதல் நாளே திக்கினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் போய்க் கேட்பது? மறுநாள் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது அவளே வந்து என் கையில் ஒரு சீட்டைத் திணித்தாள்.

“‘பி’ல அமுக்கு. கீய வுழுந்தா என்னுதுன்னே சொல்லிக்க.”

குத்திக்காட்டினாளா, மனசார சொன்னாளா, தெரியவில்லை. நான் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேனே, அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.