மேலே என்றால் எந்தப் பக்கம்

திருத்துறைப்பூண்டியில் ஜெகபர் அலியின் சைக்கிள் கடையில் பங்ச்சர் ஒட்டுவதைவிட வழி சொல்வதுதான் அதிகம் நடக்கும். வேதாரண்யத்துக்கு எந்தக் கரையோடு போனால் சீக்கிரம், எந்த வாய்க்காலில் பனைமரப் பாலம் முறிந்து கிடக்கிறது, மழை பெய்தால் எந்தப் பாதையில் சக்கரத்தில் களிமண் அப்பும் என்பதெல்லாம் அவர் நாக்கு நுனியில் இருக்கும். கேட்டவனுக்குச் சொல்வார், கேட்காமல் போகிறவனையும் நிறுத்திச் சொல்வார். ஆனால் தான் மட்டும் யாரிடமும் வழி கேட்கமாட்டார். கேட்டால் கௌரவம் போய்விடும்.

இந்த மனிதரை நம்பி வீரையன் கிளம்பியதற்கு அவன் குடிசைதான் காரணம். குடியிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வந்திருந்தது. கட்சி இரண்டாகி, டீக்கடைக்கு டீக்கடை கொடிக்கம்பமும் இரண்டாகியிருந்த நேரம். இரண்டு கொடிக்காரர்களும் "மனை உனக்குத்தான்" என்றார்கள். மிராசுதார் மட்டும் "சட்டம் வந்தப்ப அந்த மனையில இவன் எங்க இருந்தான்? வாய்க்கால் கரைப் புறம்போக்குல கிடந்தான். முந்தாநேத்து இங்க வந்து கீத்து போட்டுட்டான்" என்று தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். அது பொய் என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் சாமிதுரை. மிராசுதாரிடம் காரியக்காரராக இருந்து, அவரோடு சண்டை போட்டுக்கொண்டு, துறையூரைத் தாண்டிப் பச்சமலை அடிவாரத்தில் ஓடைக்காட்டு மகள் வீட்டுக்குப் போனவர். வெள்ளிக்கிழமை விசாரணை. அந்த வாரம் பார்த்து பஸ் ஸ்டிரைக்.

"திருச்சி வரைக்கும் ரயில்ல போயிடுவமே பாய்" என்றான் வீரையன்.

"அங்கேருந்து? ரயில் மலையடிவாரத்துக்குப் போவுதா? சைக்கிள்ல ஏறு. வழிய என்கிட்ட விடு."

வீரையன் மனைவி செவ்வந்தி கட்டுச்சோற்றை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "வழிய அவருகிட்ட விடு. கண்ண மட்டும் நீ வச்சுக்க."

ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினார்கள். திருவையாறு வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து காவிரிக் கரையோடு கல்லணை போகிற பாதை, மரநிழலில் சைக்கிள் தானாகவே ஓடுகிற பாதை. ஜெகபர் அலி முன்னால் போனபடி, எதிரே வருகிறவனுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டே போனார். மண்ணச்சநல்லூர் தாண்டியபோதும் அவர் வாய் ஓயவில்லை. துறையூருக்கு அப்பால் கிழக்கே பச்சமலையும் மேற்கே கொல்லிமலையும் எழுந்து நின்றதும்தான் கொஞ்சம் அடங்கினார்.

"இவ்வளவு மண்ண யாரு வீரையா கொட்டுனது?"

"முதல்ல ஓடைக்காடு எங்கன்னு கேளுங்க பாய்."

அவர் கேட்கவில்லை. விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் வீரையன்தான் கேட்டான். "அந்தப் புளியமரம் தெரியுதுங்களா? அங்கிருந்து மேல போங்க" என்று சொல்லிவிட்டு அவள் நிற்காமல் போய்விட்டாள்.

ஜெகபர் அலி சூரியனைப் பார்த்தார். புளியமரத்தில் கம்பீரமாக மணியடித்து மேற்கே திரும்பினார். நம் ஊரில் மேலத்தெரு மேற்கே, கீழத்தெரு கிழக்கே. மேல போ என்றால் மேற்கே போ. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கடலைக்கொல்லை, சோளக்கொல்லை, காய்ந்த ஓடை, மறுபடி கடலைக்கொல்லை என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ஓடைக்காடு வரவில்லை. கொல்லிமலைதான் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

கிணற்றடியில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஓடைக்காடா? அது பச்சமலைப் பக்கமுங்க! வந்த வழியே திரும்பிப் போயி, புளியமரத்துல மேல ஏறுங்க."

"மேலதானேய்யா வந்திருக்கோம்!" என்றார் ஜெகபர் அலி.

"எங்க வந்தீங்க மேல? கீழதான நிக்கிறீங்க!"

"மேலன்னா மேற்குதானே?"

"மேலன்னா மேலங்க." அவர் ஈரக்கையைக் கிழக்கே பச்சமலையை நோக்கி உயர்த்தினார். தெரியாத பிள்ளைக்கு நிலாவைக் காட்டுவதுபோல.

வீரையனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சூரியன் உதிக்கிற பக்கத்தை மேல என்கிறவர்கள் ஒரு பக்கம்; அதைத் தெரிந்துகொள்ளாமல் சூரியனைப் பார்த்து மணியடித்தவர் ஒரு பக்கம். நடுவில் அவன் மனை.

"என்னைய ஏன் முறைக்கிறே? அந்தம்மா தெளிவா சொல்லியிருக்கணும்" என்றார் ஜெகபர் அலி.

"அந்தம்மா தெளிவாத்தான் பாய் சொன்னாங்க. நமக்குத்தான் மேல காலி."

திரும்பி வந்து ஏறத் தொடங்கியபோது புதிதாக ஒன்று தெரிந்தது. இந்த ஏற்றம் முடிவதில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் ஆற்றுப்பாலத்து ஏற்றம்தான். எழுந்து நின்று நாலு மிதி மிதித்தால் அந்தப் பக்கம் இறக்கம் வந்துவிடும். இங்கே ஒரு வளைவு தாண்டினால் அடுத்த வளைவில் அதே ஏற்றம் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச தூரத்தில் இருவரும் இறங்கித் தள்ளினார்கள். ஜெகபர் அலி வாழ்க்கையில் முதல் தடவையாகச் சைக்கிளைத் திட்டினார்.

சாமிதுரை மகள் வீட்டு வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "வாரேன். அந்த ஆளு மொகத்துக்கு நேரா சொல்லணும்னுதான் உசுரோட இருக்கேன். வண்டி எங்க?"

வீரையன் ஜெகபர் அலி சைக்கிளின் கேரியரைக் காட்டினான்.

"இதுலயா? பிரேக்கு இருக்கா?"

ஜெகபர் அலி மணியை அடித்துக் காட்டினார். திருத்துறைப்பூண்டியில் பிரேக்குக்கு என்ன வேலை? ஆடு குறுக்கே வந்தால் காலை ஊன்றுவார்கள். அந்த இறக்கத்தில் இரண்டு பேரும் காலை ஊன்றிய ஊன்றலில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். பின்னால் உட்கார்ந்திருந்த சாமிதுரை வழி நெடுக மிராசுதாரைத் திட்ட வேண்டிய திட்டையெல்லாம் ஜெகபர் அலிக்குக் கொடுத்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீஸில் மூவரும் வெந்த கிழங்குபோல நின்றார்கள். தாசில்தார் சேலத்துப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"சட்டம் வந்தப்ப வீரையன் குடிசை எங்கே இருந்தது?"

"வாய்க்காலுக்கு மேலங்க" என்றார் சாமிதுரை உரக்க.

மிராசுதாரின் வக்கீல் துள்ளி எழுந்தார். "அதைத்தான் ஐயா நாங்களும் சொல்றோம்! வாய்க்காலுக்கு மேலே, கரை மேலே, புறம்போக்குல! அவங்க சாட்சியே ஒத்துக்கிட்டாரு!"

தாசில்தார் தலையாட்டி, "வாய்க்கால் கரைமேல்" என்று எழுதச் சொன்னார். குமாஸ்தா பேனாவை எடுத்தார். சாமிதுரைக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. சொன்னது சரிதானே என்று திருதிருவென்று விழித்தார்.

வீரையனுக்குத் தொடை நரம்பெல்லாம் ஒருசேர இழுத்தது. புளியமரமும் கிணற்றடிக்காரரின் ஈரக்கையும் கண் முன்னால் வந்தன. மறுபடியும் அதே மேல!

"எழுதாதீங்க சார்!" என்று கத்திவிட்டான். "மேலன்னா மேற்குங்க! உங்க ஊருப் பக்கம் மேலன்னா மலை, எங்க ஊர்ல மேலன்னா மேற்கு. இத வச்சுக்கிட்டு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஐயா, நீங்க எந்தத் தெருவுல தங்கியிருக்கீங்க?"

"சத்தம் போடாதே" என்றார் குமாஸ்தா.

"மேல வீதி" என்றார் தாசில்தார், தன்னை அறியாமல்.

"அது எதுக்கு மேலங்க இருக்கு?"

தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தே விட்டார். "நானும் வந்த அன்னைக்கு ரிக்‌ஷாக்காரன்கிட்ட, மேட்டுலயாப்பா வீடு, மழைத்தண்ணி நிக்காதுல்லன்னு கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்." சாமிதுரையிடம் திரும்பினார். "பெரியவரே, மேல கீழ வேணாம். கரையிலயா, கரையை விட்டு மேற்கயா?"

"கரையில ஆடு கட்டுவாங்க. குடிசை மேற்கே, மனையில. கீத்து எண்ணிக் கொடுத்தவனே நான்தானுங்க. இந்த ஆளு சொல்லித்தான் கொடுத்தேன்" என்று சாமிதுரை மிராசுதாரைக் கையை நீட்டிக் காட்டினார். மிராசுதார் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார்.

அடித்து எழுதினார்கள். மனை வீரையனுக்கு என்று உத்தரவு ஆனது.

வெளியே வந்ததும் வீரையன் வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிரிக்கவும் தெம்பில்லை. ஜெகபர் அலி மட்டும் டீக்கடையில் யாரிடமோ பச்சமலைக்குப் போகிற வழியை விளக்கிக்கொண்டிருந்தார். "புளியமரம் வரும். அங்க மேல போகணும். மேலன்னா மேற்கு இல்ல, தெரிஞ்சுக்க. இதெல்லாம் போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்."

சாமிதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, என்னைய எப்ப கொண்டுபோய் விடுறீங்க? ஸ்டிரைக் இன்னும் முடியலியாமே."

வீரையன் ஜெகபர் அலியைப் பார்த்தான். ஜெகபர் அலி சைக்கிளைப் பார்த்தார்.

"பாய், பிரேக் கட்டை மாத்துங்க" என்றான் வீரையன். "அப்புறம் இந்தத் தடவை முன்னால போறது நானு."