உமி கலந்த வாளி

போன மாதம் சித்தூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி டம்ளரைக் கையில் எடுக்கிறேன் — பின்பக்கத்தில் ‘டம்’ என்று ஒரு சத்தம்.

ஓடிப் பார்த்தால், மாப்பிள்ளை சாமுவேல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே ஒரு பழைய இரும்பு வாளி புகைகிறது. சுற்றிலும் மண் சில்லுகள்.

“உலை மச்சான். அலுமினியம் உருக்கறதுக்கு,” என்றார்.

சைக்கிள் ஷாப்காரருக்கு இது எதற்கு?

எல்லாம் என் தங்கை எஸ்தருக்காக. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. காலுக்குக் கம்பி, அடியில் இரும்புத் தட்டு — அதை மாட்டிக்கொண்டுதான் நடப்பாள். திருப்பதியில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் வகுப்பு மாடியில். இந்தக் கனத்தோடு தினமும் எப்படி ஏறுவது? வேண்டாம் என்று எழுதிவிட இருந்தாள். தட்டை அலுமினியத்தில் வார்த்துவிடலாம் என்று சாமுவேல் கிளம்பிவிட்டார். இந்த யுத்தகாலத்தில் அலுமினியம் கடையில் ஏது? வீட்டுச் சட்டிகள்தான் பலி.

வாளிக்குள் கரி, கரி நடுவே உலோகம் உருக ஒரு குட்டிச் சட்டி. சூடு வெளியே ஓடாமல் இருக்க வாளியின் உள்பக்கம் களிமண் பூச்சு. எல்லாம் சரி... ஈரம் காய்வதற்குள் நெருப்பு வைத்துவிட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி, பூச்சையே பிளந்துவிட்டது.

எஸ்தர் சில்லுகளைக் கூட்டினாள். “கண்ணுல பட்டிருந்தா? எனக்கு அந்த வேலையே வாணாம்.”

“வாணான்னா வுட்டுடறேன். அப்புறம் போவலையேன்னு அழுதுக்கினு இருக்காத,” என்றார் சாமுவேல்.

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். உள்ளே போய் ஒரு முறம் உமியோடு வந்தாள். “மண்ணுல இத கலங்க. மெல்லிசா பூசுங்க. நல்லா காஞ்சப்புறம் மேல இன்னொரு பூச்சு.”

உமி எதற்கு? எனக்கு மண்டையைக் குடைந்தது. உமி எரிந்துபோனால் மண்ணில் பொடிப்பொடியாக ஓட்டை விழுமாம். அதில் நிற்கும் காற்று சூட்டைத் தாண்டவிடாதாம். அடுப்பு போடுகிறவளுக்குத் தெரியாதா?

இந்த முறை பூச்சு பொட்டு ஈரம் இல்லாமல் காயும் வரை காத்திருந்தார்கள். முதலில் சுள்ளித் தீ, பிறகு கரி, துருத்தி. நான் பயந்துகொண்டே வாளிக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன். உள்ளே செக்கச்செவேல் என்று நெருப்பு. வெளியே குளிர் காயும் அளவுக்குத்தான் சூடு! சட்டியில் அலுமினியம் பாதரசம் போல ஆடியது. மணல் அச்சில் ஊற்றினார்.

வந்த தட்டில் அங்கங்கே அம்மைத் தழும்பு. அரம் போட்டுத் தேய்த்து மாட்டிவிட்டார். எஸ்தர் கிணறு வரை நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள்.

“லேசா இருக்குது,” என்றாள்.

இப்போது திருப்பதியிலேயே தங்கி, மாடி ஏறிப் பாடம் நடத்துகிறாள். சனிக்கிழமை ரயிலில் வருகிறாள். நேற்று மறுபடி சித்தூர் போனபோது சாமுவேலைக் கடைத்தெருவில் பார்த்தேன். “எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை?”

“ஓட்டல்ல துன்னுக்கினு கெடக்கறேன் மச்சான்.”

தட்டை அவ்வளவு நன்றாக வார்த்திருக்கிறார், பாவம்.