நாற்றுக்குத் தண்ணீர் தெளித்த பில்டர்

கோபியில் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் பின்னால், மோட்டார் அறையை ஒட்டிய நாற்றங்காலில், ஒரு பித்தளைக் காப்பி பில்டரின் மேல் அடுக்கு வெகுகாலம் கிடந்தது. அடியில் பொடிப்பொடியாகத் துளை போட்ட அடுக்கு. என் மாமியார் அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து மிளகாய் நாற்றின் மேலும் கத்தரி நாற்றின் மேலும் பிடிப்பார். தண்ணீர் தூறலாக இறங்கும். நேற்று முளைத்த நாற்றுகூடச் சாயாது. பூவாளி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று என் கணவர் சொன்னால், இவ்வளவு பதமாக அது தெளிக்காது என்று மறுத்துவிடுவார். அந்த பில்டர் என் கல்யாணச் சீரில் வந்தது. கோயம்புத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி, துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்பா பொறுக்கி வாங்கியது. அது அடுப்படியை விட்டு நாற்றங்காலுக்குப் போன கதை எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் தெரிந்திருக்கிறது.

நான் பிறந்த வீட்டில் அப்பா டிகாஷன் இறக்கினால்தான் பொழுது விடிந்ததாகக் கணக்கு. பொடியில் சிக்கரி எவ்வளவு என்பதில் அவருக்கும் கடைக்காரருக்கும் நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டே நான் வளர்ந்தேன். கல்யாணமாகி கோபிக்கு வந்தால், எருமைப் பால் தாராளமாக இருக்கிற வீட்டில், பொடியைப் பாலோடு போட்டுக் கொதிக்கவிட்டுத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் காப்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாளே சீர்ப் பெட்டியைத் திறந்து பில்டரை எடுத்துவிட்டேன். புது மருமகளுக்கு இவ்வளவு துணிச்சலா என்று நாத்தனார் முகம் சுளித்தார். மாமியார் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார், டம்ளரை மறுபடியும் நீட்டினார். அதன்பிறகு மாலை நாலு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் அடுப்படிப் பின்வாசலில் உட்கார்ந்து குடிப்பது வழக்கமாயிற்று. வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா, வாழை குலை தள்ளியதா என்பதிலிருந்து, அவர் கல்யாணமாகி வந்த புதிதில் பட்ட பாடு வரைக்கும் எல்லாம் அந்தக் காப்பியோடுதான் பேசினோம். "உங்கப்பன் எத்தன சீரு செஞ்சாரோ, எனக்குத் தெரியாது கண்ணு. இந்தக் காப்பி ஒண்ணு போதும்" என்பார். அம்மாவிடம்கூட நான் அத்தனை பேசியதில்லை.

அடுத்த வருடம் நான் உண்டானேன். மூன்றாவது மாதம் முடிவதற்குள் கலைந்துவிட்டது. கோபியில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். எல்லாம் முடிந்து நான் கட்டிலில் கிடந்தபோது டாக்டரம்மா மாமியாரையும் கணவரையும் வெளியே கூப்பிட்டுப் பேசியது பாதித் திறந்த கதவு வழியாகத் தெரிந்தது. என்ன பேசினார் என்பது கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் தலைமுடியைக் கோதிவிட்டார். "காப்பிதான் கண்ணு. அது சூடு. டாக்டரம்மாவும் அதத்தான் சொல்லிப்போட்டாங்க. இனி உட்டுரு. நீ உட்டா உங்கூட நானும் உட்டர்றேன்" என்றார். நான் அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். என்னால் போயிற்று என்று அழுதேன். அன்று காலையில்கூட டிகாஷன் மீந்துவிட்டது என்று இரண்டாவது டம்ளர் குடித்திருந்தேன். அந்த டம்ளர்தான், அதன் சூடுதான் என்று என் மனம் அதிலேயே போய் ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தால் சொந்தபந்தம் விசாரிக்க வரும். ஆரஞ்சுப் பழமும் ரொட்டிப் பாக்கெட்டுமாக வந்து உட்கார்ந்து, என்ன ஆச்சுங்க என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கொடுத்தே ஆகவேண்டும். கொடுக்காவிட்டால் அவர்களே ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். அது பெண்ணின் ஜாதகமாகவோ வயிறாகவோ இருக்கும். மாமியார் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். டவுனில் வளர்ந்த பிள்ளை, காப்பி குடித்துக் குடித்து உடம்பு சூடு பிடித்துவிட்டது, இப்போது விட்டாயிற்று. வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அம்மாவோடு விசாரிக்க வந்த என் அப்பாவும் அதைக் கேட்டார். கொண்டுவந்திருந்த பொடிப் பொட்டலத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே திரும்பிப் போனார். நான்தானே பழக்கினேன் என்று பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை அவர் புலம்பிக்கொண்டு வந்ததாக அம்மா பிறகு சொன்னாள்.

விட்ட முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளந்தது. பழகிய உடம்புக்குக் காப்பியைச் சட்டென்று நிறுத்தினால் தலை வலிக்கும் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அன்று எனக்கு அது தண்டனையாகத் தெரிந்தது; இன்னும் நன்றாக வலிக்கட்டும் என்று மாத்திரை போடாமல் கிடந்தேன். மாமியாருக்கும் வலித்திருக்கும். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். பில்டர் கண்ணில் பட வேண்டாம் என்று அவர்தான் அதை எடுத்துக்கொண்டுபோய் நாற்றங்காலில் வைத்தார். நாலு மணிக்கு இருவருக்கும் சுக்குமல்லிக் காப்பி போட்டார். சுக்கும் சூடுதானே அத்தை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குடித்தேன்.

அதற்கடுத்த வருடம் மகள் பிறந்தாள். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? காப்பியை விட்டேன், குழந்தை தங்கியது. நான் காப்பிக்கு ஜென்ம விரோதியாகிவிட்டேன். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சர் உண்டாகியிருந்தாலும் முதல் வேலையாக அவள் கையிலிருக்கும் டம்ளரைப் பார்ப்பேன். வாங்கிக் கீழே ஊற்றியதும் உண்டு. பத்திரிகையில் காப்பி தூக்கத்தைக் கெடுக்கும், நெஞ்சு படபடக்கும், வயிற்றில் புளிப்பு ஏறும் என்று வந்தால் ஒரு வரி விடாமல் படிப்பேன். ஈரலுக்கு நல்லது, மூளைக்குச் சுறுசுறுப்பு, அளவோடு குடித்தால் தோஷமில்லை என்று வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். போன் வந்தபிறகு குடும்பக் குரூப்பில் இந்த இரண்டு சங்கதியும் மாறி மாறி வரும். ஒரே ஆள் திங்கட்கிழமை நல்லது என்பார், வெள்ளிக்கிழமை விஷம் என்பார். நான் விஷத்தை மட்டும் நாலு பேருக்கு அனுப்புவேன்.

மாமியார் கடைசிவரை ஒரு வாய் குடிக்கவில்லை. கல்யாண வீடுகளில் தட்டில் காப்பி வந்தால் வாசனை பிடித்தபடி தள்ளிவைப்பார். மருமகளுக்காகக் காப்பியை விட்ட மாமியார் என்று சொந்தத்தில் அவருக்குப் பெயர். எனக்கும் அதில் பெருமை உண்டு. எத்தனை சண்டை வந்தாலும், இந்த மனுஷி எனக்காக ஒன்றை விட்டவர் என்று நினைத்தால் கோபம் இறங்கிவிடும். படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில், நான் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ காப்பி போட்டுக் குடி கண்ணு. இனி என்ன" என்றார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று சிரித்தேன். நீங்க எழுந்து வாங்க அத்தை, சேர்ந்தே குடிக்கலாம் என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் போய்விட்டார்.

போன வருடம் மகள் முழுகாமல் இருந்தாள். மசக்கைக்கு இருந்துவிட்டுப் போகலாம் என்று கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். வந்த மறுநாள் காலை கூடத்துக்குள் நுழைகிறேன், காப்பி வாசனை. அவளே பொடி வாங்கி வந்து கலந்து குடித்துக்கொண்டிருக்கிறாள். பாய்ந்து போய் டம்ளரைப் பிடுங்கினேன். பாதி அவள் கையில் கொட்டியது. சூடு பட்டு அவள் கத்தினாள். ஒரு டம்ளர் குடிக்கலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காமல் இருந்தால் போதும் என்றாள். நான் கேட்கவில்லை. உனக்கு முன்னால் ஒன்று இருந்தது, நான் காப்பி குடித்துக் குடித்து அதைக் கொன்றேன் என்று அதுவரை அவளிடம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். மகள் முகம் வெளுத்துவிட்டது. கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீ பயப்படாத அம்மணி. அது காப்பினால ஆகலை. டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிப்போட்டாங்க."

என்னங்க சொல்றீங்க என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை. கரு சரியாகக் கூடவில்லை என்றால் உடம்பே கழித்துவிடும், இது யாருடைய தப்பும் இல்லை, அந்தப் பெண்ணிடம் இதை நல்லபடியாக எடுத்துச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். காப்பியினாலா என்று மாமியாரே கேட்டிருக்கிறார். அளவு மீறாமல் குடித்தால் ஒன்றும் இல்லை, இது அதனால் வந்ததல்ல என்று பதிலும் வந்திருக்கிறது. கார் ஏறுவதற்கு முன்னால் மாமியார் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, இதை அவளிடம் சொல்லாதே என்றிருக்கிறார். காரணம் இல்லை என்றால் ஊர் பெண்ணைத்தான் காரணம் சொல்லும், இரண்டாம் கல்யாணப் பேச்சுவரைக்கும் போகும், காப்பி மேல் போட்டுவிட்டால் விட்டதோடு தீர்ந்தது என்பது அவர் கணக்கு.

"ஊருக்கு என்னமோ சொல்லட்டும். எனக்கு எதுக்குங்க சொன்னாங்க?"

"உடறதுக்கு ஒண்ணு இருந்தாத்தான் அடுத்ததுக்கு உனக்குத் தைரியம் வரும்னாங்க" என்றார்.

தைரியம் வந்தது உண்மைதான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் மகள் தூங்கும்போதெல்லாம் மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தவள் நான். அவள் பிறந்தநாள் ஒவ்வொன்றிலும் இன்னொரு பிள்ளைக்கு என்ன வயதாகியிருக்கும் என்று நினைத்து, அதைக் கெடுத்த கை இதுதான் என்று கையைப் பார்த்தவள். அதை அவர்கள் இருவரும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு முன்னால் என்னைக் காப்பாற்றியவர்கள் வீட்டுக்குள் என்னையும் ஊரோடு சேர்த்துவிட்டார்கள். என் அப்பா தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டே செத்தார். அவருக்கு இனி யார் போய்ச் சொல்வது?

மாமியார் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட, பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு இத்தனை வருடம் வாய் திறக்காத மனுஷர் மேல் வந்த கோபம் பெரிது. உங்கம்மா போனபிறகாவது சொல்லியிருக்கலாமே என்றால், போனவர்களைத் தப்பாக நினைப்பாய் என்றுதான் என்கிறார். நான் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மாமியார் காப்பியை விட்டது எனக்குத் துணையாக என்று நம்பியிருந்தேன். அது சொன்ன பொய்க்கு அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட அபராதம் என்று இப்போது தெரிகிறது. அந்த அபராதத்தால் எனக்கு என்ன வந்தது? இனி என்ன என்று கேட்ட அன்றைக்குக்கூட, காப்பியைத் திருப்பிக் கொடுத்தாரே தவிர அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்கவில்லை. அவர் என்மேல் பிரியமாக இருந்தார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் ஆறவில்லை.

அன்று மதியம் நாற்றங்காலுக்குப் போனேன். மாமியார் போனபிறகு அங்கே நாற்று விடுவதில்லை. பில்டரின் மேல் அடுக்கு சுவரோரம் மண்ணில் பாதி புதைந்து பச்சை பிடித்திருந்தது. அடியடுக்கு பரணில் இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, ஊசியால் துளைகளைக் குத்தினேன். செம்மண் வந்துகொண்டே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அப்பா பார்த்ததுபோல. ஒன்றிரண்டு துளை கடைசிவரை திறக்கவில்லை.

நாலு மணிக்கு டிகாஷன் இறங்கியது. கணவர் வந்து அடுப்படி வாசலில் நின்றார். அவருக்கு ஊற்றவில்லை, அவரும் கேட்கவில்லை. பின்வாசலில் மகளுக்கு ஒரு டம்ளரும் எனக்கு ஒரு டம்ளருமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழக்கம் விட்ட உடம்புக்கு இரண்டு வாயிலேயே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வேறொன்றும் இல்லை. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் சர்க்கரை, நல்ல பால். இதுவா என்றிருந்தது. மகள் கட்டுப் போட்ட கையால் டம்ளரைத் தூக்கி, நல்லா இருக்குதும்மா என்று சொல்லிவிட்டு நிதானமாகக் குடித்தாள். ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் குடித்து முடிக்கும்வரை நான் அவள் வயிற்றையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.