கைப்பிடிப் பானை

உலையில் அரிசி போடுமுன் அன்னாள் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சிறு பானையில் போடுவாள். அது ஆண்டவருக்கு. மாதக் கடைசியில் உபதேசியார் மலையேறி வந்து ஜெபம் நடத்தும்போது, பானையை அவர் முன்னால் கவிழ்ப்பாள். சாத்தான்குளத்துப் பக்கம் அவளுடைய தாய் செய்துவந்த வழக்கம் அது. பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே தேயிலைக் கொழுந்து கிள்ள வந்தபோது, ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த சொத்து ஏறக்குறைய அது ஒன்றுதான்.

எஸ்டேட்டின் வரிசைவீடுகளான அந்த லயத்தில் வேதக்காரக் குடும்பங்கள் குறைவு. மற்றவர்களுக்கு அந்தப் பானை ஒரு வேடிக்கை.

"ஒங்க சாமி இத வடிச்சுத் திங்குமாக்கா?" என்று அடுத்த வீட்டு ராமுத்தாய் கேட்பாள்.

"அவரு எங்க திங்காரு? உபதேசியார்லா திங்காரு" என்பான் அன்னாளின் புருஷன் மாசிலாமணி.

அன்னாளுக்குச் சிரிப்பு வராது. அந்தப் பானையைப் பார்த்தாலே அவளுக்குப் பயம். அதற்குக் காரணம் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் அவள் மசக்கையாக இருந்தாள். வீட்டு அரிசி தீர்ந்துபோன ஒரு நாள், பசி தாங்காமல் பானையில் கைவிட்டு, கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டாள். அடுத்த முறை வந்த உபதேசியார், காணிக்கையில் ஒரு பங்கை ஒளித்து வைத்த புருஷனும் பெண்சாதியும் விழுந்து செத்த கதையைப் பிரசங்கித்தார். யாரையும் மனதில் வைத்து அவர் பேசவில்லை. அந்த மாதமே அவளுடைய கரு கலைந்தது. வேதத்தில் பிள்ளைக்காக அழுது ஜெபித்த ஒருத்தியின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு யாராவது "அன்னாள்" என்று கூப்பிட்டால் குற்றம் சாட்டுவது போல இருக்கும். இனி அந்தப் பானையிலிருந்து ஒரு மணி அரிசிகூட எடுப்பதில்லை என்று பொருத்தனை பண்ணிக்கொண்டாள்.

பெருவெள்ளம் வந்தது. பாலங்கள் போயின, பாதைகள் சரிந்தன. போடியிலிருந்து வரும் அரிசி நின்றுபோனது. எஸ்டேட்டில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து போட்டார்கள். பிறகு அதுவும் இல்லை. ஜனங்கள் கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றார்கள்.

அப்படி ஒரு காலையில் ராமுத்தாய் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அவளுடைய மகள் மாரித்தாய், நடை பழகும் பிள்ளை, காய்ச்சலில் கிடந்தது.

"யக்கா, ஒரு கை அரிசி இருந்தாத் தா. காச்சல் விட்டிருக்கு. கண்ணத் தொறந்து கஞ்சி கேக்குறா."

அன்னாள் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பானை தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

"அரிசி இல்ல, ராமுத்தாயி."

எங்கள் அரிசி இல்லை, அது உண்மைதானே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். தங்களுக்கென்று அவித்து வைத்திருந்த கிழங்கில் பாதியை எடுத்துக் கொடுத்தாள். காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

மாசிலாமணி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஏட்டி, பானையில இருந்து ஒரு கை குடுத்திருக்கலாம்லா?"

"அது நம்மளுது இல்ல."

"நம்மளுது இல்லன்னுதான குடுக்கச் சொல்லுதேன்."

அவள் மீதிக் கிழங்கை மூடி வைத்தாள். பானையைத் தொடவில்லை. மறுநாள் மதியம் குழந்தை இறந்துவிட்டது.

ஒரு கை அரிசிக் கஞ்சி அந்தப் பிள்ளையைப் பிழைக்க வைத்திருக்குமா? யாருக்கும் தெரியாது. பிழைத்திருக்காது என்று யாராவது அடித்துச் சொல்லியிருந்தால் அன்னாள் ஒருவேளை தூங்கியிருப்பாள். தேயிலைக்குக் கீழே ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்த ராமுத்தாய் நேராக அவளிடம்தான் வந்தாள். அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"இந்த லயத்துல நீ ஒருத்திதான்க்கா ஒன் வாய்க்குப் போறதக் குடுத்த. மத்தவுக கதவச் சாத்துனாக."

அன்னாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

வழி சரியானதும் உபதேசியார் வந்தார். அன்னாள் பானையைக் கவிழ்த்தாள். அரிசியைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளத்திலும் ஆண்டவருடைய காணிக்கையைக் காத்தவள் என்று சபைக்கு முன்னால் அவளைப் புகழ்ந்தார். எல்லோரும் போன பிறகு அவள் அவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர்.

"ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டேல்லம்மா, அவரு மன்னிச்சிட்டாரு. ராமுத்தாயிகிட்டப் போய்ச் சொல்லிறாத. ஆறுத புண்ணக் கீறி ஆருக்கு என்ன லாபம்?"

"ஐயா, நான் ஆண்டவர்கிட்டப் பொய் சொல்லலையே. அவகிட்டல்லா சொன்னேன்."

அவர் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில், செத்துப்போன அந்தப் புருஷனும் பெண்சாதியும் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் செத்தது காணிக்கை குறைந்ததற்காக அல்ல, பொய் சொன்னதற்காக. இத்தனை நாளும் அந்தக் கதையில் காணிக்கையை மட்டுமே அவள் கேட்டிருக்கிறாள்.

இருந்தாலும் சொல்லவில்லை. உபதேசியாரே வேண்டாம் என்றாரே என்பது ஒரு சாக்கு. உண்மை என்னவென்றால், அந்த மலையில் அவளை "யக்கா" என்று கூப்பிட ராமுத்தாயை விட்டால் ஆள் கிடையாது. இருவரும் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து கிள்ளினார்கள். கையில் அட்டை கடித்தால் இவள் சுண்ணாம்பு அவளுக்கு. ஒவ்வொரு ஜெபத்திலும் அன்னாள் கேட்டது மன்னிப்பை அல்ல. ராமுத்தாய்க்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதைத்தான். இப்படி ஒரு ஜெபத்தை ஆண்டவர் எந்தக் காதால் கேட்பார் என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

அடுத்த வருஷம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு சண்டை. ராமுத்தாய் கூடையில் முற்றல் இலையைக் கலந்துவிட்டாள் என்று கங்காணி கத்தினான்.

"அன்னாக்காகிட்டக் கேளுங்க. அவுக வேதக்காரவுக. செத்தாலும் பொய் சொல்ல மாட்டாக" என்றாள் ராமுத்தாய்.

கேட்டார்கள். கலக்கவில்லை என்று அன்னாள் சொன்னாள், அது உண்மை. கங்காணியும் ஒப்புக்கொண்டான்.

"பாத்தியாக்கா, ஒன் வாய்க்கு இருக்கிற மதிப்ப" என்று சிரித்துக்கொண்டே ராமுத்தாய் முன்னால் நடந்தாள். அன்னாளால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. கூடையை இறக்கி வைத்தாள்.

"ராமுத்தாயி. புள்ளைக்கிக் கஞ்சி வைக்க அரிசி கேட்டேல்லா. அன்னைக்கி வீட்ல அரிசி இருந்துச்சு."

ராமுத்தாய் நின்றாள். "எந்த அரிசி?"

"கைப்பிடிப் பானையில."

"எம்புட்டு?"

அன்னாள் கையால் காட்டினாள். பானையின் கழுத்து வரைக்கும்.

"ஒங்க சாமியா குடுக்காதன்னு சொல்லுச்சு?"

"இல்ல. நாந்தான் பயந்துட்டேன்."

ராமுத்தாய் ஓடைப் பக்கம் பார்த்தாள். "அந்தக் கெழங்கையாச்சும் குடுக்காம இருந்திருக்கலாம்க்கா. அதுக்காக இத்தன நாளும் ஒன்னயக் கையெடுத்துக் கும்பிட்டேனே" என்றாள். அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அதுதான் அவள் சொன்ன கடைசி "அக்கா".

மறுநாள் ராமுத்தாய் கங்காணியிடம் கேட்டு வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் இருமினால் இவளுக்குக் கேட்கும்.

அன்னாள் கைப்பிடி அரிசி போடுவதை நிறுத்தவில்லை. ஆனால் எந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், யார் பெற்றுக் கிடக்கிறாள் என்று கேட்டுப் போய்க் கொடுத்துவிடுவாள். உபதேசியார் வந்தால், "அரிசி இல்ல ஐயா" என்பாள். இப்போது அது உண்மை. முதலில் அவர் முகம் சுருங்கியது. பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

மறுபடி ஒரு ஆடி மழையில் ராமுத்தாய்க்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்த வாரம் எஸ்டேட்டில் யாருக்கும் அரிசி வரவில்லை.

"வேற ஆரு கையிலயாவது குடுத்தனுப்பு. நீ தந்ததுன்னு தெரியாண்டாம்" என்றான் மாசிலாமணி.

"இன்னொரு பொய்யா?" என்று கேட்டுவிட்டு, அன்னாள் தானே பானையை எடுத்துக்கொண்டு போனாள். பெற்ற உடம்போடு ராமுத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. அவள் பானையைப் பார்த்தாள்; பிறகு அன்னாளைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல அரிசி இருக்கு" என்றாள்.

உள்ளே குழந்தை வறண்ட குரலில் அழுதுகொண்டிருந்தது. அன்னாள் பானையை அங்கே வைத்துவிட்டு வர நினைத்தாள். ஆனால் அது தன் மனச்சாந்திக்காகச் செய்வதாக இருக்கும் என்று தோன்றியது. எடுத்துக்கொண்டு திரும்பினாள். மழையில் அரிசி நனையாதபடி முந்தானையால் பானையின் வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலும் பானையோடு போய் அந்த வாசலில் நின்றாள்.