காளான் அறையை அடைக்கச் சொன்னவர்

போர் முடிந்த பிறகு எங்கள் பக்கம் காளானைவிட வேகமாக முளைத்தவர்கள் ஆலோசகர்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கடற்கரை ஊரான எத்தாளையில் என் வீட்டுக்கும் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் பேனாவைப் போலச் செருகிய வெப்பமானி. எதையும் சொல்லுமுன் அதை எடுத்து ஒருமுறை உதறுவார். அது என்ன காட்டுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

காளான் வளர்த்த பின்னறையில், வெங்காயக் கொட்டிலுக்கு விடுவதுபோலச் சுவரின் மேலும் கீழும் இடைவெளி விட்டு, நனைத்த சாக்குத் தொங்கவிட்டிருந்தேன். கடற்காற்று அதில் பட்டுக் குளிர்ந்து வரும். அதைப் பார்த்துவிட்டு, என்னை அக்கா முறை வைத்து அவர் சொன்னார்:

"ராத்தா, உப்புக் காத்து கூடாது. எல்லாத்தையும் பொலித்தீனால அடைங்க."

"அடைச்சா அது எப்படி சேர் மூச்சு விடும்?"

"அதென்ன மனுசனா, மூச்சு விட?" என்று சிரித்தார்.

அடைத்தேன். படித்தவர் சொன்னாரென்று அடைத்த என் புத்தியையும் சேர்த்தே ஏசுகிறேன். இரண்டு கிழமையில் காளான்கள் குடை விரியாமல், காற்றைத் தேடி நூல் நூலாக நீண்டு நின்றன. கறிக்குக்கூட ஆகாது.

மறுபடி வந்தவர் உள்ளே போய் வெப்பமானியை உதறினார். "பாத்தீங்களா, என்ன உயரம்!" என்று ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு நிற்காமல், கழுத்துப் பொத்தானைக் கழற்றியபடி வெளியே ஓடிவந்தார்.

"யா அல்லாஹ், என்ன புழுக்கம்! மனுசன் நிக்க ஏலாது. காத்துப் படுற இடமாப் பாத்து ஒரு கதிரை போடுங்க ராத்தா."

போட்டேன். அதில் உட்கார்ந்து, சட்டையால் விசிறிக்கொண்டு அந்த அறையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதாவது விளங்கும் என்று நானும் காத்து நின்றேன்.

எழும்பிப் போகும்போது சொன்னார்: "இன்னும் ஒரு சுத்துப் பொலித்தீன் அடிங்க."