இரண்டு கிராம் பிசகு

“எதிலுமே நாட்டம் இல்லாமல் இருந்த நாட்கள், இந்த இரண்டு வாரத்தில் எத்தனை?” என்று டாக்டர் தன் மொழியில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

“நல்லா இருக்கேன்னு சொல்லு” என்றார் பெரியப்பா. டாக்டரின் மொழி அவருக்குக் கடையில் நாலு வார்த்தை பேசும் அளவுக்குத்தான் வரும்.

சொன்னேன். தூக்கம் எப்படி என்று அடுத்த கேள்வி.

“படுத்தா தூக்கம்தான். அதையும் சொல்லு.”

பெரியப்பா தினமும் சர்க்கரை அளவை எழுதிவைக்கும் நோட்டை டாக்டர் புரட்டினார். 118, 126, 121. பக்கத்தில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்தார். நோட்டு உண்மையென்றால் இந்த ரத்தம் வேறு யாருடையதோ என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

பெரியப்பா யோசித்தார். “ரத்தம் என்னோடதுதான்.”

கடைத் தராசுகளைச் சரிபார்ப்பது அவர் தொழில். இரண்டு கிராம் பிசகினால் தராசையே கழற்றிப் போட்டுவிடுவார். எடைக்கல்லை வெறும் கையால் தொடமாட்டார். விரல் பிசுக்கு எடையைக் கூட்டிவிடுமாம். பொய் எழுதும்போதும் 120 என்று எழுதியதில்லை. “முழு நம்பர் போட்டா எவன் நம்புவான்?”

பதினெட்டு வருடம் விரலைக் குத்திப் பார்த்தவர், நான்கு மாதமாகக் குத்தவில்லை. வேலை முடிந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்துச் சுவரைப் பார்க்கிறார். ரிமோட்டுக்காகச் சண்டை போட்ட மனிதர். இப்போது யார் எந்தச் சேனலை வைத்தாலும் சம்மதம்.

“சர்க்கரைதான் இந்த மனுசனை முடக்கிப் போட்டிருக்கு” என்பார் பெரியம்மா. “முடங்கிக் கெடக்கறதாலதான் அண்ணி சர்க்கரை ஏறுது” என்பார் அப்பா. டாக்டரோ அன்று, சர்க்கரையும் மனச்சோர்வும் ஒன்றை ஒன்று இழுக்கும் என்றார். மனச்சோர்வுக்கும் வைத்தியம் உண்டு; ஆனால் உண்மையைச் சொன்னால்தான். விழித்திரையில் கசிவு தொடங்கிவிட்டது. இப்படியே விட்டால் தராசு முள் தெரியாது.

“ஒரு தட்டு எறங்குது, ஒண்ணு ஏறுது. தராசு சரியாத்தான் இருக்கு” என்றார் பெரியப்பா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போகவேண்டும். நேற்று மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

“அந்த டாக்டரம்மா கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்வேன். வாய் பழகிடுச்சு. நீ அதைச் சொல்லிடாத.”

“வேற என்ன பெரியப்பா சொல்றது?”

“தெனம் சோபாவுல பாக்கறியே, அதைச் சொல்லு.”

சட்டைப் பையிலிருந்து சர்க்கரை நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு பேனாவையும்.